நாதம் அடங்கும் நேரம்

அனகாபுத்தூரில் வீணை கேட்க வேண்டுமென்றால் இரவு பத்து மணி தாண்ட வேண்டும். அதுவரை பம்மல் சாலையின் ஹாரன் ஓயாது. மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானங்கள் மொட்டை மாடிக்கு மேலே வயிறு தெரியத் தாழ்ந்து போகும். எல்லாம் கொஞ்சம் அடங்கி, அடையாற்றுப் பக்கமிருந்து காற்று வந்த ஒரு நேரத்தில், மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கைப்பேசியில் ஒரு நீலாம்பரி ஆலாபனையைப் போட்டேன். வீணை மட்டும்தான், மிருதங்கம் கிடையாது. அந்த இசைக்குக் கீழே செயலி மூன்று விவரங்களை எழுதியிருந்தது. வேகம்: நிமிடத்துக்கு 132 தட்டு. சுருதி: ஈ மேஜர். மனநிலை: அமைதி.

132 என்பது ஓடிக்கொண்டிருப்பவரின் நாடித் துடிப்பு. நான் கேட்டதோ தொட்டில் ஆட்டுவதற்கென்றே பேர் பெற்ற ராகம். அதிலும் ஆலாபனை, தாளமே இல்லாதது. தாளமில்லாத இடத்தில் தட்டை எங்கிருந்து எண்ணினார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் மற்ற இரண்டு விவரங்களும் ஆட்டம் காண ஆரம்பித்தன. அமைதியான ஓர் இசை நம்மை எப்படி அமைதிப்படுத்துகிறது என்பதை, பௌதிகமும் உளவியலும் தெரிந்துவைத்திருக்கிற அளவுக்கு, இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

வேகத்திலிருந்து தொடங்கலாம். ஒலியின் ஆற்றல் திடீரென எழும் இடங்களைக் கணினி குறித்துக்கொள்கிறது. அந்த இடங்களுக்கு நடுவே எந்த இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடி, அதையே வேகம் என்கிறது. வீணையில் ஒவ்வொரு மீட்டும் அப்படி ஓர் எழுச்சி. ஒரே மீட்டில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து நான்கைந்து ஸ்வரங்களை இழைத்தால் கணினிக்கு அது ஒரே எழுச்சிதான். சுண்டுவிரல் பக்கத்துத் தாளக் கம்பிகளைத் தட்டினால் அதையும் கணக்கில் சேர்த்துவிடும். 66 என்று சொல்ல வேண்டியதை 132 என்று இரட்டிப்பாகச் சொல்வதும் இந்த முறையில் அடிக்கடி நேர்கிற பிழை.

நம் சங்கீதம் வேகத்தைப் பல பெயர்களால் பிரித்து வைத்திருக்கிறது. தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி காலப்பிரமாணம். அந்த இடைவெளியை மூன்றாக, நான்காக, ஐந்தாக, ஏழாக, ஒன்பதாகப் பிரிப்பது நடை. விளம்பத்தில் எடுத்த ஒரு கீர்த்தனைக்குள் துரிதமான ஸ்வரங்கள் பொழியலாம். தட்டு மட்டும் அசையாமல் நிற்கும். அதனால் ஓர் இசையின் வேகம் என்ன என்று ஒரே எண்ணில் கேட்டால் வித்வான் திரும்பக் கேட்பார், எந்த வேகம் என்று.

இந்த ஊரில் காலப்பிரமாணத்தை விளக்க நான் தறியைத்தான் காட்டுவேன். அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இங்கே நெய்த கட்டம் போட்ட 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' துணி ஒருகாலத்தில் கப்பலேறி நைஜீரியா வரை போனது. பிற்பாடு வாழைநார் போன்ற இயற்கை நார்களில் சேலை நெய்து ஊர் பேர் வாங்கியது. காலால் மிதிக்கிறார்கள், நாடா குறுக்கே ஓடுகிறது, பலகையை இழுத்து ஊடை இழையை அடித்துச் சேர்க்கிறார்கள். இது ஒரு சுற்று. சுற்று மெதுவாக ஓடுவதால் துணி கெடுவதில்லை. அடி மாறினால்தான் கெடும்; ஓரிடம் இறுகிப்போகும், ஓரிடம் சல்லடையாகும்.

மெதுவாக, அதே சமயம் மாறாமல் அடிப்பது சுலபமில்லை. யாரையாவது மேசையில் இஷ்டப்படி தாளம் போடச் சொன்னால், பெரும்பாலோர் ஏறக்குறைய அரை விநாடி முதல் முக்கால் விநாடிக்குள் ஒரு தட்டு வைக்கிறார்கள். இடைவெளி நீள நீளப் பிழையும் கூடவே நீளும். இரண்டு விநாடியை நெருங்கினால் அடுத்த தட்டை எதிர்பார்த்துப் பிடிக்கும் திறன் உடைந்துவிடுகிறது. தட்டு வந்த பிறகுதான் கை எழுகிறது. சவுக்க காலத்தில் வாசிக்கிறவர்கள் உள்ளுக்குள் நுணுக்கமாக எண்ணிக்கொண்டே இருப்பது இதனால்தான். கேட்கிற நமக்கு வெறும் நிதானமாகத் தெரிவதன் அடியில் அவ்வளவு வேலை நடக்கிறது.

இனி, மெதுவான வேகம் ஒலியையே மாற்றிவிடுவதைப் பார்க்கலாம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

கம்பியை மீட்டியதும் அதன் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. மீட்டிய கணத்தில் காதில் படும் கூர்மை, அந்த 'டங்', உயர்ந்த மேற்சுரங்களால் வருவது. அவை சீக்கிரம் சாகும். காற்றின் உராய்வும் கம்பியின் உள்ளுராய்வும் அவற்றைத்தான் முதலில் தின்கின்றன. அடிச்சுரமும் அதற்கு அடுத்தவையும் நின்று, மெல்ல மெல்லத் தேய்கின்றன. ஆகவே ஒரு மீட்டின் தொடக்கமும் முடிவும் ஒரே ஒலி அல்ல. தொடக்கம் உலோகம், முடிவு கிட்டத்தட்ட மனிதக் குரல்.

நிமிடத்துக்கு 150 மீட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.4 விநாடிதான் கிடைக்கும். தொடக்கத்தைக் கேட்பதற்குள் அடுத்தது வந்து முந்தையதை மூடிவிடும். 50 என்றால் 1.2 விநாடி, அந்த வாலை முழுக்கக் கேட்கலாம். வேகத்தைக் குறைத்த கலைஞர் அதே வாத்தியத்திலிருந்து வேறு நாதத்தை எடுத்துக்கொடுக்கிறார். ஒரு பதிவைக் கணினியில் இழுத்து நீட்டினால் இது வராது. மீட்டை மெதுவாக்கி, நாதத்துக்கு இடம் விட்டால்தான் வரும்.

வீணையின் நாதம் இவ்வளவு நேரம் உயிரோடு இருப்பதற்கு, கம்பிகளைத் தாங்கும் அதன் குதிரையும் ஒரு காரணம். சி.வி. ராமன் கல்கத்தாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1921ல், இந்தியக் கம்பி வாத்தியங்களைப் பற்றி ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு மேற்சுரம் அசையாமல் நிற்கும் புள்ளியில் கம்பியை மீட்டினால் அந்த மேற்சுரம் கேட்கக் கூடாது என்பது தாமஸ் யங் வகுத்த விதி. வீணையும் தம்புராவும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று ராமன் கண்டார். மேலைநாட்டு வாத்தியங்களில் கம்பி ஒரு கூரிய விளிம்பில் அமர்கிறது. வீணையிலோ குதிரையின் மேல் பித்தளைத் தகடு மெல்ல வளைந்து கிடக்கிறது. அதிரும் கம்பி அந்த வளைவை ஒவ்வொரு முறையும் தொட்டுத் தொட்டு விலகுவதால், செத்துப்போக வேண்டிய மேற்சுரங்களுக்கு ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது. தம்புராவில் இதே வேலையை ஒரு நூல் இழை செய்கிறது. குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே அதை நகர்த்தி நகர்த்தி, நாதம் விரிந்து மலரும் ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். அந்த நூலுக்குப் பெயர் ஜீவா. ஒரு நெசவாளர் ஊர்க்காரனாக, தறியிலிருந்து விழுந்த ஒரு துண்டு இழைக்கு இந்தப் பெயர் வைத்தவர்களை நினைத்து நெகிழ்ந்திருக்கிறேன்.

மெதுவும் மென்மையும் சேர்ந்த வாசிப்புக்குச் சென்னையில் ஒரு பெரிய பெயர் உண்டு: வீணை தனம்மாள். 1867ல் பிறந்து 1938ல் மறைந்தவர். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கும், பாடகியர் பிருந்தா, முக்தா சகோதரிகளுக்கும் பாட்டி. ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். பெரிய அரங்கு கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து, மூச்சுக்கூட சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டு இசையின் பேரே நிதானத்துக்கும் பதங்களுக்கும்தான். அவருடைய வாசிப்பில் சில 78 சுழற்சி இசைத்தட்டுகளாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும் தட்டு அது. அவருடைய நிதானத்தை மூன்று நிமிடத்துக்குள் மடித்துத்தான் நமக்குக் கொடுக்க முடிந்தது.

அந்த அமைதியான அறை ஓர் அலங்காரமல்ல, தேவை. தேய்ந்துகொண்டே போகும் வால் எப்போது முடிகிறது? அது சுற்றுச் சத்தத்துக்குக் கீழே மூழ்கும்போது. அறை அமைதியாக இருந்தால் ஒரே மீட்டு நீளமாகக் கேட்கும். சத்தமாக இருந்தால் குட்டையாகும். விமானம், லாரி போன்றவற்றின் தாழ்ந்த உறுமல் இதில் பொல்லாதது. தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை எளிதில் மறைத்துவிடும். உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அப்படி மறைக்க முடியாது. நம் காதுக்குள்ளிருக்கும் சுருள்குழலின் அமைப்பு அப்படி. எங்கள் மாடிக்கு மேலே ஒரு விமானம் கடக்கும்போது நீலாம்பரியில் மீட்டுகள் மட்டும் மிஞ்சும், இழைப்பெல்லாம் போய்விடும். அந்த அரை நிமிடத்துக்கு அது வேறு இசை.

அடுத்தது சுருதி. செயலி 'ஈ மேஜர்' என்றது. இதில் பாதி சரி. ஈ என்பது நம் கணக்கில் மூன்று கட்டை, வீணைக்கு வழக்கமான சுருதிகளில் ஒன்று. ஆர்மோனியத்தில் சி கட்டையை ஒன்று என்று வைத்து எண்ணுகிற பழக்கத்தில் வந்த பெயர் இது. மேலைநாட்டவர் ஓர் இசையின் 'கீ' என்று சொல்லும்போது ஆதார சுருதியையும் ஸ்வர வரிசையையும் ஒன்றாகக் கட்டிச் சொல்கிறார்கள். நாம் பிரித்து வைத்திருக்கிறோம். சுருதி கலைஞரின் குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஏற்றது, ராகம் தனி. ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் ஒரு கட்டையில் பாடினாலும் நீலாம்பரி நீலாம்பரிதான்.

ஆனால் சுருதியின் உயரம் மனநிலையைத் தொடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் கேட் ஹெவ்னர் 1937ல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே இசையை உயர்த்தியும் தாழ்த்தியும் வாசித்துக் காட்டினார். உயர்ந்தபோது விளையாட்டுத்தனமாகவும், தாழ்ந்தபோது கனமாகவும் கம்பீரமாகவும் தெரிந்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். வீணையில் கூடுதலாக ஒரு காரணம் கம்பியிலேயே இருக்கிறது. கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அரைக் கட்டை இறக்கினால் அதிர்வெண் சுமார் 6 சதவீதம்தான் குறையும். இழுவிசையோ சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும். கம்பி தளர்கிறது, விரல் இழுத்த இழுப்புக்கு வருகிறது, கமகம் வழுக்கிக்கொண்டு போகிறது. நிதானமாக வாசிக்கிறவர்கள் சுருதியை மேலே ஏற்ற ஆசைப்படாததில் இதற்கும் பங்குண்டு.

'மேஜர்' என்றதற்கு வருவோம். நீலாம்பரி 29வது மேளமான சங்கராபரணத்தின் குழந்தை. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் மேலைநாட்டு மேஜர் வரிசையோடு பொருந்துபவை. செயலி அங்கேயே நின்றுவிட்டது. அதே சங்கராபரணத்துக்குப் பிறந்த இன்னொரு ராகம் பிலஹரி. காலை நேரத்துக்குரியது, துள்ளி எழுந்து வருவது. ஒரு தாய் வயிற்றில் ஒன்று தூங்க வைக்கிறது, ஒன்று எழுப்புகிறது. இன்னும் நெருங்கிய ஜோடி வேண்டுமென்றால் பைரவியும் முகாரியும். இறங்கும்போது இரண்டுக்கும் அதே ஏழு ஸ்வரங்கள். பைரவி கம்பீரம். முகாரி என்ற சொல்லையே நம் ஊரில் அழுகைக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறோம். ஸ்வரப் பட்டியலை வைத்து மனநிலையைச் சொல்ல முயலும் எந்தக் கருவியும் இந்த இரண்டு ராகங்களின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்.

அப்படியானால் மனநிலை எங்கிருந்து வருகிறது? உளவியலாளர்கள் உணர்ச்சியை இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்ப்பதுண்டு. ஒன்று கிளர்ச்சி: உடம்பு எவ்வளவு விழிப்பாக, படபடப்பாக இருக்கிறது என்பது. மற்றது இதம்: அனுபவம் இனிக்கிறதா, கசக்கிறதா என்பது. கனடாவில் கப்ரியேலா ஹுசைன், வில்லியம் தாம்ப்சன், கிளென் ஷெல்லன்பர்க் மூவரும் 2002ல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல வெளிச்சம். மோட்சார்ட்டின் ஒரு பியானோ சொனாட்டாவை எடுத்து, வேகத்தையும் மேஜர்-மைனர் வரிசையையும் தனித்தனியாக மாற்றி நான்கு வடிவங்கள் செய்தார்கள். வேகமானது நிமிடத்துக்கு 165 தட்டு, மெதுவானது 60. கேட்டவர்களிடம் வேகம் கிளர்ச்சியை மாற்றியது. ஸ்வர வரிசை மனநிலையின் இதத்தை மாற்றியது. இரண்டும் வெவ்வேறு கதவைத் தட்டின.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மெதுவான வேகம் கிளர்ச்சியைக் குறைக்கும், சரி. ஆனால் கிளர்ச்சி குறைந்த மனநிலை அமைதி மட்டுமா? சோகமும் அப்படித்தான். லாரா-லீ பால்க்வில்லும் அதே தாம்ப்சனும் 1999ல் வெளியிட்ட ஆய்வில், இந்துஸ்தானிக் கலைஞர்களிடம் மகிழ்ச்சி, சோகம், கோபம், அமைதி என்ற நான்கையும் உணர்த்தும்படி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதை இந்திய சங்கீதம் பழக்கமில்லாத மேலைநாட்டவருக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் மூன்றையும் அவர்கள் பிடித்துவிட்டார்கள். அமைதியைப் பிடிக்க முடியவில்லை.

இதைப் படித்தபோது நம் பழைய நூல்கள் ஞாபகம் வந்தன. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் அழுகையும் வெகுளியும் உவகையும் உண்டு. அமைதிக்குத் தனி இடம் இல்லை. பரதரின் நாட்டிய சாஸ்திரம் வகுத்த எட்டு ரசங்களிலும் சாந்தம் இல்லை; பின்னால் வந்து ஒன்பதாவதாகச் சேர்ந்ததுதான். அமைதிக்கு முகத்தில் அடையாளம் குறைவு, குரலிலும் குறைவு. மற்ற உணர்ச்சிகள் ஏதோ ஒன்றைச் செய்கின்றன. அமைதி செய்யாமல் விடுகிறது. விட்டதை எப்படி அளப்பது?

சோகத்திலிருந்து அமைதியைப் பிரிக்க ஒரு துப்பு தமிழ்ப் பேச்சிலேயே கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேல் பர்வ்ஸின் குழு, டேனியல் பௌலிங்கை முதல் ஆசிரியராகக் கொண்டு 2012ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தமிழ் பேசுபவர்களையும் ஆங்கிலம் பேசுபவர்களையும் உற்சாகமாகவும் சோர்வாகவும் பேசச் செய்து பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளைக் கர்நாடக சங்கீதத்தோடும் மேலைநாட்டு இசையோடும் ஒப்பிட்டார்கள். உற்சாகத்தில் குரலின் ஏற்ற இறக்கம் அகன்று தாவுகிறது. சோர்விலும் துக்கத்திலும் சுருங்கிவிடுகிறது. ராகங்களிலும் அதேதான் தெரிந்தது. மகிழ்ச்சிக்குரியவை என்று கருதப்படுபவற்றில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளி பெரிது, துக்கத்துக்குரியவற்றில் சிறிது. இரண்டு மொழியிலும், இரண்டு சங்கீதத்திலும் ஒரே போக்கு.

நீலாம்பரியை இந்த வெளிச்சத்தில் கேட்டுப் பார்த்தேன். வேகம் தூங்கப் போகிறவரின் மூச்சு. ஸ்வரங்களோ சங்கராபரணத்தின் அகன்ற, திறந்த ஸ்வரங்கள். உடம்பு அடங்குகிறது, முகம் வாடவில்லை. சோகத்துக்கும் அமைதிக்கும் நடுவிலுள்ள கோடு இங்கேதான் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது. முத்துசுவாமி தீட்சிதர் நாகப்பட்டினம் நீலாயதாட்சி அம்மனைப் பாட இந்த ராகத்தை எடுத்து விளம்பத்தில் நடத்தினார். அவரே வைணிகர். கம்பியில் நாதம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கைக்குத் தெரிந்தவரின் வேகம் அது. இது என் செவி சொல்வது. ஆய்வு முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் 2006ல் 'ஹார்ட்' என்ற மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இசைப் பயிற்சி உள்ள 12 பேர், இல்லாத 12 பேர். ஓர் இந்திய ராகம் உட்பட ஆறு வகை இசையைக் கேட்கவைத்து மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். இசையின் வகையைவிட அதன் வேகமே உடம்பை அதிகம் மாற்றியது. நடுவே எதிர்பாராமல் 2 நிமிட மௌனத்தையும் வைத்திருந்தார்கள். உடம்பு மிகவும் தளர்ந்தது அந்த மௌனத்தில்தான். இசை தொடங்குவதற்கு முன்பு சும்மா இருந்தபோது இருந்ததைவிடவும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அப்போது கீழே இறங்கியிருந்தன.

நம் கைப்பேசிகள் ஓர் இசை முடிந்த மறு விநாடி அடுத்ததைப் போட்டுவிடுகின்றன. அந்த வசதியை இன்றிரவு மட்டும் நிறுத்தி வையுங்கள். தெரு அடங்கிய பிறகு ஒரே ஒரு வீணை ஆலாபனையைக் கேளுங்கள். கடைசி மீட்டு தேய்ந்து முடிந்ததும் எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள்.